போடாத குட்காவுக்கு ஒரு சாட்சி

1

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரத்தில் கல்யாண நாள் வருகிற ஜோடிகள் ஞாயிறு ஆராதனையில் முன்னால் போய் நிற்க வேண்டும். போதகர் இருவர் தலையிலும் கை வைத்து ஜெபிப்பார். பிறகு மைக்கை நீட்டுவார். புருஷனோ பெண்சாதியோ நாலு வார்த்தை சாட்சி சொல்லிவிட்டுத்தான் இடத்துக்குத் திரும்ப முடியும். ஊரில் என்றால் காணிக்கையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடலாம். இங்கே விடமாட்டார்கள். பிழைக்க வந்த இடத்தில் மாமா, சித்தப்பா, பக்கத்து வீடு எல்லாமே சபைதான். ஒரு வீட்டில் நடப்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்தாக வேண்டும்.

போன மாதம் எங்கள் முறை வந்தது. இருபத்தைந்தாவது கல்யாண நாள். பட்டுப்புடவையும் கேக்குமாகச் சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். எனக்கோ ஒரு வாரம் முன்பிருந்தே பயம். மேடைப் பயம் இல்லை. தாராவியில் தமிழ்ப் பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருப்பவளுக்குக் கூட்டத்தைக் கண்டு என்ன பயம்? பயம் அந்த மைக்கைக் கண்டுதான். போன வருஷக் கடைசியில் அதே மைக்கைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் சபை முழுக்கக் கேட்க ஒரு பொய் சொல்லியிருந்தார். அந்தப் பொய்யை அவர் வாயாலேயே எடுத்துவிடாவிட்டால் இன்னொரு மனிதன் வீணாகச் செத்துப்போவான் என்கிற நிலைக்கு நாங்கள் வந்திருந்தோம்.

நம் ஊர் ஆண்டு மலருக்கு வருஷா வருஷம் மும்பையைப் பற்றி ஏதாவது எழுதுவேன். லோக்கல் ரயில் நெரிசல், மழை வெள்ளம், கணபதி ஊர்வலம் என்று. இந்தத் தடவை இதைத்தான் எழுத முடியும். படிக்கிறவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

2

என் வீட்டுக்காரர் பெயர் செல்வின். சாயர்புரம் பக்கம். கல்யாணத்துக்கு முன்பே மும்பை வந்து, தாராவியில் ஒரே அறையில் ஏழெட்டுப் பையன்களோடு பாயைப் பகிர்ந்து படுத்து, லேத் பட்டறையில் வேலை கற்றவர். இப்போது குர்லாவில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். நாங்கள் செம்பூருக்கு வீடு மாறிப் பல வருஷமாகியும் சபையை மட்டும் மாற்றவில்லை. ஞாயிறானால் தாராவிதான்.

அவரைப் பற்றிச் சபையில் யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது குட்காவைத்தான். அவ்வளவு ஆகாது அவருக்கு. பட்டறைச் சுவரில் சிவப்பாகத் துப்பிய பையனை வாளியும் பிரஷும் கொடுத்துச் சுவர் முழுக்கக் கழுவ வைத்தவர். பீடி நாற்றம் அடித்தால் ரயிலில் அடுத்த பெட்டிக்கு மாறிவிடுவார். குடியும் கிடையாது.

போன வருஷம் மழைக்காலம் முடிகிற சமயம், சவரம் செய்யும்போது கழுத்தில் வலது பக்கம் ஒரு கட்டி இருப்பதைப் பார்த்தார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கோலிக்குண்டு அளவு. மும்பையில் கழுத்தில் கட்டி என்றால் எல்லாரும் முதலில் சொல்வது டி.பி. எங்கள் தெரு டாக்டரும் அதைத்தான் நினைத்தார். மாத்திரை கொடுத்தார், கரையவில்லை. ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்தபோது டி.பி. இல்லை என்று வந்தது. வந்தது புற்றுநோய். கட்டி ஆரம்பித்த இடம் கழுத்தே இல்லை, உள்ளே தொண்டையில், டான்சிலில். கழுத்தில் தெரிந்தது அங்கேயிருந்து பரவி வந்த கிளை.

ஒரு நர்சிங் ஹோமில் சர்ஜனைப் பார்த்தோம். அவர் என்னைக் கவுண்டருக்குப் போய் ஸ்கேனுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார். நான் போய்த் திரும்பி வருவதற்குள் உள்ளே எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். தாடையைப் பிளந்து பெரிய ஆபரேஷன், பிறகு கதிர்வீச்சு. பேச்சும் விழுங்குவதும் முன்பு போல இருக்கும் என்று சொல்ல முடியாது. வெளியே வந்த இவர் முகம் பேயறைந்தது போல இருந்தது. பயத்தில் அப்படி இருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் போதகர் இவருக்காக ஜெபிக்கக் கூப்பிட்டார். இவர் எழுந்து போனார். மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"சபையார் என்னைய மன்னிக்கணும். நான் ஒளிச்சு ஒளிச்சு குட்காவும் பீடியும் பல வருஷமாப் போட்டவன். ஒங்களுக்கு முன்னால யோக்கியன் மாதிரி நடிச்சேன். அதுக்குத்தான் ஆண்டவர் என் தொண்டையில தொட்டுட்டாரு" என்று சொல்லி, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சபையே அழுதது. அக்காமார் எல்லாம் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பீடி குடித்தவன் சட்டையைத் துவைக்கிறவளுக்கு நாற்றம் தெரியாதா? குட்கா போட்டவனோடு இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவளுக்குத் தெரியாதா? ஒன்று, இந்த மனுஷன் இத்தனை வருஷம் என்னை முட்டாளாக்கியிருக்கிறார். இல்லை, கடவுள் முன்னால் நின்று பொய் சொல்கிறார். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அவர் டூல் பையைக் கொட்டிப் பார்த்தேன். ஸ்குரூ, மைக்ரோமீட்டர், இருமல் மிட்டாய். வேறொன்றும் இல்லை. கேட்டதற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

3

இன்னொரு டாக்டரிடமும் காட்டாமல் தாடையில் கத்தி வைக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றது எங்கள் மகள் ஜெசி. ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீட்டில் தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் இந்திக்குப் போய்விடுவாள். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். "மம்மி, செகண்ட் ஒபினியன் எடுக்காம நான் சைன் பண்ண மாட்டேன், பஸ்" என்றாள், அவ்வளவுதான் என்று. குர்லாவுக்கு அந்தப் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் அவளே நேரம் வாங்கினாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா மராத்திக்காரர், நடு வயது. அதிகம் சிரிக்க மாட்டார். இவரை வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னார். மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைத்துப் பார்த்தார். தாராளமாகப் போயிற்று. கன்னத்தின் உட்புறத்தை இழுத்துப் பார்த்தார். பல்லைத் தட்டிப் பார்த்தார். பிறகு பழைய ஃபைலைப் புரட்டினார்.

"காகா, எத்தனை வருஷம் குட்கா போட்டீங்க?" அவர் இந்தியில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன். காகா என்றால் இங்கே சித்தப்பா.

"இருபது வருஷம் இருக்கும்."

"எந்தக் குட்கா?"

இவர் முழித்தார். ஸ்டேஷன் வாசலில் எத்தனை பெயர் தொங்குகிறது! ஒரு பெயர்கூட இவர் வாயில் வரவில்லை. கடைசியில் ஒரு பெயர் சொன்னார். அது வெறும் பாக்கு மிட்டாய், சின்னப் பிள்ளைகள் வாங்கித் தின்பது.

டாக்டரம்மா ஃபைலை மூடிவிட்டார். "இருபது வருஷம் குட்கா போட்டவங்க வாயை நான் தினமும் பார்க்கிறேன். பல பேருக்கு மூணு விரல் இல்லை, ஒரு விரல் நுழையறதே கஷ்டம். உங்க வாய் பச்சைப் பிள்ளை வாய் மாதிரி இருக்கு. பொய் சொல்லாதீங்க காகா. இங்க பொய் சொன்னா அது வைத்தியத்துல வந்து நிக்கும்."

இவர் என்னைப் பார்த்தார். "ஏளா, நீ செத்த வெளிய இரேன்" என்றார்.

"நான் எங்கயும் போவ மாட்டேன்" என்று நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அப்போது டாக்டரம்மாவுக்கே விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒரு காகிதத்தை எடுத்துத் தொண்டையின் படம் வரைந்தார். டான்சில், நாக்கின் அடிப்பக்கம், இந்த இடத்தில் வருகிற புற்றுநோய் இரண்டு வகையாம். ஒன்று புகையிலையாலும் குடியாலும் வருவது. இன்னொன்று எச்.பி.வி. என்கிற வைரஸால் வருவது. பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோயைக் கொண்டுவருகிற அதே வைரஸ். பெரும்பாலும் ஆண் பெண் உறவில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வரும். அநேகம் பேருக்கு வாழ்க்கையில் எப்போதாவது வந்து, தெரியாமலே போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, பல வருஷம் கழித்துக் கட்டியாகும்.

"இரண்டும் ஒரே இடத்துல வந்தாலும் ஒரே நோய் இல்லை" என்றார். "வைரஸால வந்தது கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் நல்லாக் கரையும். பிழைக்கிறவங்க அதிகம். புகையிலையால வந்தது முரடு, அவ்வளவு சீக்கிரம் மசியாது. வைரஸும் இருந்து பல வருஷப் புகையிலையும் இருந்தா, அந்த நல்லதுல ஒரு பங்கு போயிடும். அதனாலதான் கேட்கிறேன். நீங்க சொன்னதை நம்பித்தான் அங்க ஆபரேஷன் முடிவு பண்ணியிருக்காங்க. வைரஸ் சோதனை யாருமே கேட்கலை."

இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார். நர்சிங் ஹோமில் முதலில் உண்மையைத்தான் சொன்னாராம், ஒரு பழக்கமும் இல்லை என்று. அப்படியானால் இந்த வைரஸாக இருக்கலாம், சோதிக்க வேண்டும் என்று சர்ஜன் ஆரம்பித்ததும் பதறிப்போய், "இல்ல சாப், குட்கா, பீடி எல்லாம் உண்டு" என்று மாற்றிவிட்டாராம்.

"என்னத்துக்கு அப்படிச் சொன்னிய?" என்று கேட்டேன்.

"குட்கான்னா சபையில எல்லாரும் மன்னிச்சிருவாவ. இதுன்னா என்னைய விடு, உன்னையல்லா ஒரு மாதிரி பாப்பாவ. ஜெசியையும்."

தாடையே போனாலும் பரவாயில்லை என்று போயிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தையும் அழுகையையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

4

சோதனைக்கு ஏற்கெனவே எடுத்த சதையே போதும். அது மெழுகில் பதித்து, ஒரு சின்னப் பிளாஸ்டிக் கூட்டில் பழைய லேபில் இருக்கும். அதை வாங்கிப் புது ஆஸ்பத்திரியில் சேர்ப்பது நோயாளி வீட்டார் வேலை. மும்பையில் எவ்வளவோ பேர் இப்படிக் கைப்பையில் மெழுகுத் துண்டோடு ரயிலில் போகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

லேபில் தரமாட்டேன் என்றார்கள். நம் ஆட்களுக்கு அப்பா பெயர் இனிஷியல், இந்த ஊருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சர்நேம் வேண்டும். ஆதார் அட்டையில் ஒரு மாதிரி, லேப் சீட்டில் ஒரு மாதிரி. "இரண்டும் ஒரே ஆள் என்று எப்படி நம்புவது?" என்றான் கவுண்டரில் இருந்தவன். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, வேறு யாருடைய சதையையாவது கொடுத்துவிட்டால்? ஜெசி போனிலேயே அவனிடம் இந்தியில் சண்டை போட்டாள். கடைசியில் அப்பா பெயரும் சேர்ந்திருக்கிற எங்கள் கல்யாணச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டித்தான் வாங்கினேன்.

செம்பூரில் ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் மூச்சுவிட இடமில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒருத்தி இடித்ததும் பதறிவிட்டேன். "க்யா ஹை, சோனா ஹை க்யா?" என்று கேட்டுச் சிரித்தாள். தங்கமா வைத்திருக்கிறாய் என்று. என் புருஷன் பிழைப்பானா என்பதே அந்தப் பைக்குள் இருந்தது.

முடிவு வரும் வரை வீடு வீடாக இல்லை. அவரிடம் யார் மூலம் வந்தது என்று நான் கேட்கவில்லை என்று எழுதினால் என்னைப் பெரிய மனுஷி என்று நினைப்பீர்கள். கேட்டேன். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போது, ஜெசி காதில் விழாத மாதிரி கேட்டேன்.

"தாராவி ரூம்ல இருந்த காலத்துல நான் ஒழுங்கா இருந்தேன்னு சொன்னா அது பொய்யி" என்றார். "உன்னைக் கெட்டுனதுக்குப் பொறவு யாரும் இல்ல. நீ நம்புனா நம்பு."

நம்பினேன். நம்பியும் இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். பிறகு டாக்டரம்மாவிடம் நான் தனியாகப் போனில் கேட்டேன். "எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்டும் சொல்லாது. உங்களிடமிருந்தும் வந்திருக்கலாம். அதைத் தோண்டாதீர்கள், நீங்கள் உங்கள் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்" என்றார். செய்துகொண்டேன். எனக்கு ஒன்றும் இல்லை.

அவருடைய வைரஸ் சோதனை பாசிட்டிவ் என்று வந்தது. அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு குடும்பம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்தவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். தாடையில் கத்தி வேண்டாம், கதிர்வீச்சும் வாரம் ஒரு மருந்தும் போதும் என்று முடிவாயிற்று. ஜெசி இன்டர்நெட்டில் எதையோ படித்துவிட்டு, "வைரஸ் கேஸ்தானே, டோஸ் குறைக்கலாமே?" என்று கேட்டாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"குறைத்தாலும் போதுமா என்று ஆராய்ச்சியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்க அப்பாவை வைத்து நான் சூதாட மாட்டேன். முழு வைத்தியம்தான். நம்பிக்கைதான் கூடுதல், வேதனை குறையாது. அதிலும் எல்லாரும் பிழைக்கிறதில்லை, அதையும் கேட்டுக்கோங்க."

5

வேதனை குறையத்தான் இல்லை. முகத்துக்கு அச்சு எடுத்த வலை போன்ற ஒன்றை மாட்டி, மேசையோடு இறுக்கிவிடுவார்கள். சில வாரத்தில் வாயெல்லாம் புண். உமிழ்நீர் வற்றிவிட்டது. கழுத்துத் தோல் கருகி உரிந்தது. கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தால்கூட ஒரு மடக்குக்குக் கண்ணில் நீர் வரும். கருவாட்டுக் குழம்புக்கு உயிரை விடுகிற மனுஷன், வாசனை வந்தாலே குமட்டுகிறது என்று பக்கத்து வீட்டுப் பக்கம் இருக்கிற ஜன்னலைச் சாத்தச் சொன்னார். குரல் சரசரவென்று காய்ந்த ஓலை மாதிரி ஆகிவிட்டது. கதிர்வீச்சு முடிந்து, கட்டி போய்விட்டதா என்று ஸ்கேன் எடுக்க மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார்கள்.

அந்தக் காத்திருப்பில்தான் தங்கதுரை வந்தான். இவருடைய பழைய ரூம் கூட்டாளிகளில் ஒருவன், தம்பி மாதிரி. விக்ரோலியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர், பெண்சாதி எஸ்தர். எந்தப் பழக்கமும் இல்லாதவன். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து இவர் கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். விசிறிக் காற்றில் காலர் விலகியபோது பார்த்தேன். இடது காதுக்குக் கீழே, கழுத்தில் ஒரு புடைப்பு. கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தங்கதுரை, அது என்னது கழுத்துல?"

"இதுவா? ரெண்டு மாசமா இருக்கு மதினி. வலியே இல்ல. கொழுப்புக் கட்டியா இருக்கும். எஸ்தர் மஞ்சளக் கொழைச்சுப் போட்டு விடுதா."

"டாக்டர்ட்ட காட்டுனியா?"

"என்னத்துக்கு? நானென்ன அண்ணாச்சி மாதிரி குட்கா போட்டவனா?" என்று சிரித்தான்.

கட்டிலில் படுத்திருந்தவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நான் விடவில்லை.

"அவியளும் போட்டதில்ல தங்கதுரை. சத்தியமாச் சொல்லுதேன். இது குட்காவுல வந்ததே இல்ல."

"மதினி, நீங்க புருஷன விட்டுக்குடுக்காமப் பேசுதிய, அது நல்லதுதான். ஆனா அண்ணாச்சியே சபை முன்னால அழுது சொன்னாவளே. ஆண்டவர் சந்நிதில யாராவது பொய்ச் சாட்சி சொல்லுவாவளா?"

இவர் பக்கம் திரும்பினேன். கண்ணைத் திறக்கவே இல்லை. தங்கதுரை ஜெபம் செய்துவிட்டுக் கிளம்பிப் போனான். படி இறங்கும்போது பாட்டுக்கூடப் பாடிக்கொண்டு போனான்.

கதவைச் சாத்திவிட்டு வந்து கத்தினேன். இத்தனை நாள் நோயாளி என்று அடக்கிவைத்த சத்தம் எல்லாம் வந்தது. "ஒங்களுக்கு ஆரம்பிச்ச மாதிரியேதான் இருக்கு அவனுக்கும். நீங்க சொன்ன பொய்யில அவன் நிம்மதியா மஞ்சள் பூசிக்கிட்டுத் திரியுதான். நான் சொன்னா நம்ப மாட்டான். நீங்கதான் சொல்லணும்."

"தனியாச் சொல்லுதேன்" என்றார் ஓலைக் குரலில்.

மறுநாள் போனில் சொல்லத்தான் செய்தார். பாதி அவனுக்குக் கேட்கவில்லை. கேட்ட பாதியை, அண்ணாச்சி மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டான். எஸ்தர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணாச்சிக்கு மனசு தளந்துட்டு போல மதினி, நாங்க ஜெபிக்கிறோம்" என்றாள். சபையில் சொன்னதைச் சபையில் வைத்துத்தான் எடுக்க முடியும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இவருக்கும் புரிந்தது. புரிந்தும், "ஜெசிக்கு வரன் பாக்குற நேரம்" என்று ஒரே பாட்டு.

அதை ஜெசியே கேட்டுவிட்டாள். லேப்டாப்பை மூடிவிட்டு வந்து, "டாடி, என் பேர யூஸ் பண்ணாதீங்க. அந்த அங்கிள் செத்துப் போனா எனக்கு வர்ற கல்யாணம் எனக்கு வேணாம்" என்றாள். பிள்ளை நம் கையை விட்டுப் போய்விட்டாள், இந்த ஊர்ப் பிள்ளையாகிவிட்டாள் என்று நான் எத்தனை தடவை இதே மலரில் புலம்பியிருக்கிறேன்! அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு எங்கள் கல்யாண நாள்.

6

ஆலயத்தில் முன்னால் போய் நின்றோம். இவருக்குச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஆண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் தங்கதுரை. காலர் பொத்தானை மேல் வரை போட்டிருந்தான். எனக்குத் தெரியும் அது எதை மறைக்க என்று.

போதகர் ஜெபித்தார். குட்காவின் கட்டிலிருந்து ஒரு மகனை விடுவித்தீரே என்று ஸ்தோத்திரம் சொன்னார். வாலிபர்கள் இதைப் பார்த்துத் திருந்த வேண்டும் என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். மைக்கை என்னிடம் நீட்டினார், இவருக்குத்தான் குரல் இல்லையே என்று. இவர் பேசாவிட்டால் நான் பேசுவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தேன். நான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதும் தெரியும்.

இவர் கையை நீட்டி மைக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"குட்கா நான் போட்டதே இல்ல" என்றார். தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். உமிழ்நீர் இல்லாதவருக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தண்ணீர் வேண்டும். சபை காத்திருந்தது. "அன்னைக்கு நான் சொன்னது பொய்ச் சாட்சி."

போதகர் முகம் மாறியது. பெண்கள் பக்கம் குசுகுசுவென்றது.

"எனக்கு வந்தது வைரஸால. ஆம்பள பொம்பள சேர்க்கையில வாரது. கல்யாணத்துக்கு முன்னால நான் ஒழுங்கா இருக்கல. அதச் சொல்ல வெக்கப்பட்டு, குட்கான்னு சொன்னேன்." மறுபடி தண்ணீர். "எம் பொண்டாட்டி கிரேஸ் மேல ஒரு குத்தமும் இல்ல."

போதகர் மைக்குக்காகக் கையை நீட்டினார். இவர் கொடுக்கவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"ஒரு பழக்கமும் இல்லாதவனுக்கும் இது வரும். மொதல்ல கழுத்துலதான் தெரியும். வலிக்காது." பெஞ்சுகளைத் தாண்டிப் பார்த்தார். "லே தங்கதுரை. நாளைக்கு என்கூட வா."

தங்கதுரையின் கை தானாகக் காலருக்குப் போனதைச் சபையே பார்த்தது.

ஆராதனை முடிந்து வழக்கம்போல யாரும் வந்து கை குலுக்கவில்லை. வெட்டிய கேக் தட்டில் அப்படியே இருந்தது. சில அக்காமார் என்னைத் தாண்டிப் போனார்கள், பார்க்காதது போல. வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்ச் சாட்சி. போதகர் மட்டும் கடைசியில் வந்து, இவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் நாங்களும் தங்கதுரையும் எஸ்தருமாக நாலு பேரும் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தோம். இவருக்கு ஸ்கேன் முடிவு சொல்கிற நாளும் அதுதான். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்குக் கட்டி எதுவும் தெரியவில்லை, ஆனால் தவறாமல் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். சந்தோஷப்படக்கூட நேரம் இல்லை. அடுத்து தங்கதுரையைக் கூப்பிட்டார்கள்.

"தம்பாக்கூ?" என்று கேட்டார் டாக்டரம்மா, புகையிலை உண்டா என்று.

"இல்ல டாக்டர்" என்றான் தங்கதுரை.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "இவன் நெசத்தச் சொல்லுதான் டாக்டர்" என்று இவர் தமிழிலேயே சொன்னார். அவருக்குப் புரிந்தது.

கழுத்துக் கட்டியில் ஊசி போட்டு எடுக்கத் தங்கதுரையும் துணைக்கு இவரும் உள்ளே போனார்கள். நானும் எஸ்தரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, ரிப்போர்ட்டு என்னன்னு வந்தா நல்லது? நான் என்னன்னு ஜெபிக்க?"

"மொதல்ல ஒண்ணுமே இல்லன்னு வரணும்னு ஜெபி. அப்படி இல்லாட்டா, வைரஸு பாசிட்டிவ்னு வரணும்னு ஜெபி."

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். நேற்று ஆலயத்தில் கேட்டதுதான், ஆனால் தன் புருஷனோடு சேர்த்து இப்போதுதான் யோசிக்கிறாள். அது ஏன் நல்லது, அது எப்படி வருவது, தங்கதுரையும் அதே தாராவி ரூமில் இருந்தவன்தான் என்று எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

எஸ்தர் என் பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறக்கிற சத்தம் கேட்டதும், திரும்பிப் பார்க்காமலே, அவளே என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.